குறுக்கே அடித்த பக்கங்கள்

பள்ளிக்கூடத்து ஆவணங்களில் அவர்களுக்கு மெல்ல மலரும் மாணவர்கள் என்று பெயர். யாரோ நல்ல மனசோடுதான் வைத்திருக்க வேண்டும். மக்கு என்று சொல்லாமல் மக்கைக் குறிக்க அதைவிட மென்மையாக ஒரு சொல் கிடைக்காது. ஆனால் பையன்கள் கையில் எந்தச் சொல்லும் ஒரு வாரத்துக்கு மேல் மென்மையாக இருந்ததில்லை. இன்னும் மலராதது என்றால் மொட்டு. ஆகவே அது மொட்டு குரூப். மணியடிக்கிற அண்ணன் கூட, "மொட்டுங்கள்லாம் லைப்ரரி ரூமுக்குப் போங்கப்பா" என்றுதான் கூவுவார்.

கிஷோர் மொட்டு குரூப்பில் சேர்ந்தது எட்டாம் வகுப்பில். மஞ்சள் காமாலை வந்து, பருத்திப்பட்டில் அவர்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில், கீழாநெல்லிச் சாறும் உப்பில்லாத கஞ்சியுமாக மாதக்கணக்கில் கிடந்தான். ஜன்னலில் ஏரி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். திரும்பி வந்தபோது அரையாண்டுத் தேர்வு. எல்லாப் பாடமும் போனது. "உடம்பு தேறட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி மொட்டுகளோடு உட்கார வைத்தார்கள். உடம்பு தேறியது. அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

அதற்கு முன்னால் அவன் நடு வரிசைப் பையன். நடு வரிசைப் பையனின் பெயர் யாருக்கும் தெரியாது. நல்லா படிக்கிறவனைத் தெரியும், படிக்காதவனையும் தெரியும். நடுவில் இருப்பவன் வருகைப் பதிவுக்கு மட்டும் "பிரசன்ட் மிஸ்" சொல்லிவிட்டு மற்ற நேரமெல்லாம் காற்று மாதிரி இருப்பான். மொட்டு குரூப்பில் முதல் நாள் அவன் பையை வைத்துக்கொண்டு நின்றபோது, அஸ்வின் என்கிற ஒல்லிப் பையன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

"வா மாமே. உன் பேர் இன்னா?"

"கிஷோர்."

"பெரிய பேரா கீதே. கிச்சு போதும். இங்க பயமே கெடையாது கிச்சு. எவனும் நம்மள கேள்வி கேக்க மாட்டான். கேட்டா பதில் வந்துடுமோன்னு அவங்களுக்கே பயம்."

பெஞ்சே சிரித்தது. கிஷோரும் சிரித்தான். காமாலைக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே அவன் சோற்றுப் பாத்திரத்தில் நாலு கை விழுந்தது. சாயங்காலம் ஆவடி மார்க்கெட் வரைக்கும் தோளில் கை போட்டு நடத்திக்கொண்டு போனார்கள். தனக்கு என்று ஒரு பெயரும், தன் தோளுக்கு என்று ஒரு கையும் கிடைத்த நாளை எந்தப் பையனும் மறக்க மாட்டான்.

அஸ்வினுக்கு வாய்தான் மூலதனம். ஆசிரியர் நடக்கிற நடையை அப்படியே நடந்து காட்டுவான். ஆனால் அவனைப் பற்றி ஒரு விஷயம் கிஷோருக்கு மட்டும் தெரிந்தது. அஸ்வினுக்குப் படிக்க வராது. மதிப்பெண் வராது என்பதல்ல. எழுத்துக் கூட்டவே வராது. கேள்வித்தாளை நிமிர்த்திப் பிடித்து, முதல் எழுத்தின் வடிவத்தை வைத்து, இது அந்தக் கேள்வி என்று ஊகித்துக்கொள்வான். ஊகம் தப்பினால் ஒரு ஜோக் அடிப்பான். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பேருந்துப் பலகையைக் காட்டி, "கண்ணு எரியுது, இன்னா போட்டுக்கீது பாரு" என்றான். கிஷோர் படித்துச் சொன்னான். அதற்குப் பிறகு அவன் கண் தினமும் எரிந்தது. கிஷோர் ஒன்றும் கேட்காமல் தினமும் படித்துச் சொன்னான்.

பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர் அருள்மொழி மிஸ். மொட்டு குரூப்புக்கு என்று மெலிசாக ஒரு கையேடு உண்டு. பாஸ் ஆவதற்கு என்ன வேண்டுமோ அது மட்டும் அதில் இருக்கும். மிஸ் அதைத் தூக்கிப் பிடித்துச் சொல்வார்: "கேள்வித்தாள கையில வாங்குனதும் மொதல்ல கிராஃப். அடுத்து ஜாமெட்ரி. அப்புறம் ஒரு மார்க். இந்த மூணையும் முடிச்சிட்டா நீங்க பாஸ். மத்ததத் திரும்பிக்கூடப் பாக்காதீங்க. புரியுதா?"

"புரியுது மிஸ்" என்று மொட்டுகள் ராகம் பாடினார்கள்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. கரையேற ஒரு கயிறு போதும் என்கிறவர்களுக்குக் கயிறு கொடுத்தார். ஆனால் திரும்பிக்கூடப் பார்க்காதே என்ற சொல் கிஷோருக்குள் வேறு மாதிரி போய் விழுந்தது. பார்க்கக்கூடாத அந்த மீதியில் என்னதான் இருக்கிறது?

அவன் அப்பா வெங்கட் லோடு வண்டி ஓட்டினார். எல்லோரும் குட்டியானை என்று சொல்கிற சின்ன வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் லோடுக்காக நிறுத்திப் போடுவார். துணைக்கு என்று கிஷோரையும் கூட்டிக்கொண்டு போவார். அப்பா மற்ற டிரைவர்களோடு டீக்கடையில் இருக்கும்போது, கிஷோர் முன்சீட்டில், மற்றவர்களுக்கான தடிக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்தான். கோபுரத்தின் உச்சியை ஒருவன் தரையிலிருந்து பார்க்கிறான், அவன் நிற்கிற தூரமும் பார்க்கிற கோணமும் தெரியும், உயரம் என்ன? எதிரே கம்பெனிப் புகைபோக்கி நின்றது. அதை நிமிர்ந்து பார்த்தான். ஏறாமலே ஒன்றின் உயரத்தைச் சொல்லிவிட முடியும் என்பது அவனுக்கு நம்ப முடியாததாக இருந்தது. போட்டுப் பார்த்தான். விடையைப் பின்பக்கத்தில் சரிபார்த்தான். சரியாக இருந்தது. யாரோ தலையைத் தடவிவிட்ட மாதிரி இருந்தது. அடுத்ததைப் போட்டான்.

ஞாயிறு தோறும் அப்படித்தான். வண்டிக் கதவைத் திறந்து இறங்கினால் கிச்சு. ஏறி உட்கார்ந்தால் வேறொருவன். அந்த வேறொருவனுக்கு அவன் பெயர் வைக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பள்ளியில் மறக்காமல் மொட்டாகவே எழுதினான். கிராஃப், ஜாமெட்ரி, ஒரு மார்க். எழுந்து போய்விடுவான். எல்லோருக்கும் வருகிற மதிப்பெண்தான் அவனுக்கும் வந்தது. "கெத்து மாமே, எனக்கும் ஒனக்கும் ஒரே மார்க்" என்று அஸ்வின் தாளைத் தாளோடு ஒட்டிப் பார்ப்பான்.

இரண்டாவது திருப்புதல் தேர்வில் அது உடைந்தது. கேள்வித்தாளில் கூம்பின் இடைக்கண்டம் பற்றி ஒரு கணக்கு. தண்ணீர் வாளி ஒன்றின் கொள்ளளவு. முந்தின ஞாயிறு அதே மாதிரி ஒன்று அவனை மத்தியானம் முழுக்க அலைக்கழித்திருந்தது. இப்போது வழி கண்ணுக்கு முன்னால் பளிச்சென்று கிடந்தது. ஒன்றே ஒன்று எழுதுவோம் என்று தொடங்கினான். மணியடித்தபோதுதான் தெரிந்தது, கூடுதல் தாள் வாங்கி வாங்கி எழுதியிருக்கிறான் என்று.

எழுபத்தெட்டு.

தலைமை ஆசிரியர் ரகுநாதன் நல்ல மனிதர். தேர்ச்சி விகிதம் என்பதைத் தவிர வேறு கவலை இல்லாதவர். காலை வழிபாட்டில் மைக்கைத் தட்டினார். "நம்ம மெல்ல மலரும் மாணவர்கள்ல ஒருத்தன் மலர்ந்துட்டான்! கிஷோர், மேடைக்கு வா. எல்லாரும் நல்லாப் பாருங்க. இவனால முடியும்னா உங்களால முடியாதா?"

வெயிலில் நின்றுகொண்டு கிஷோர் கீழே பார்த்தான். மொட்டுகள் கடைசி வரிசையில் நின்றார்கள். உங்களால முடியாதா என்று சொன்னபோது எல்லாத் தலையும் அவர்கள் பக்கம் திரும்பியது. அஸ்வின் கைதட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனான். அதுதான் அவர்கள் இடம். அவனைப் பார்த்ததும் அஸ்வின் துள்ளி எழுந்தான்.

"எழுந்திருங்கடா, சார் வந்துட்டாரு! சாருக்கு சீட்டு குடு!"

எல்லோரும் எழுந்து நின்று சல்யூட் வைத்தார்கள். ஒருவன் சீட்டைக் கைக்குட்டையால் துடைத்தான்.

"டேய், விளையாடாதீங்கடா."

"சாரோட வெளாடுவமா? படிப்ஸு வேற, நாங்க வேற. சார், ஒங்க ரூமு அப்பால கீது. ஏ செக்சனு. தப்பா வந்துட்டீங்க."

"அஸ்வினு, இன்னாடா..."

"ஒண்ணியும் இல்ல சார். போங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பில் கிஷோருக்கு இடம் இல்லை. சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே மூடிப் பைக்குள் வைத்தான்.

ஏ பிரிவில் முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பக்கத்துப் பையன் முகத்தைத் திருப்பாமல், "யார பாத்து எழுதுன? சொல்லு, நாங்க சொல்ல மாட்டோம்" என்றான். பின்னாலிருந்து ஒரு குரல், "மொட்டு வந்துருச்சு, தண்ணி ஊத்துங்கடா" என்றது. தண்ணீர் பாட்டில் ஒன்று நிஜமாகவே கழுத்துக்குப் பின்னால் சரிந்தது. காலரில் இறங்கிய ஈரத்தோடு அவன் வரலாறு பாடம் கேட்டான்.

இரண்டே நாளில் சந்தேகம் ஆசிரியர் அறைக்கும் போய்ச் சேர்ந்தது. இத்தனை மாதமும் பாஸ் மார்க்கைத் தாண்டாத பையன் திடீரென்று எப்படி? ரகுநாதன் சார் முகம் வாடிவிட்டது. வழிபாட்டில் சொல்லிவிட்டாரே. "தனியா உக்கார வெச்சு ஒரு டெஸ்ட் குடுத்துப் பாத்துடுவோம். அவனுக்கும் நல்லது" என்றார்.

ஆசிரியர் அறை மூலையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டார்கள். அருள்மொழி மிஸ் வேறு ஒரு கேள்வித்தாளை வைத்துவிட்டு, "பயப்படாத. தெரிஞ்சத எழுது" என்றார்.

எல்லாமே தெரிந்தது. ஒவ்வொரு கேள்வியும் தெரிந்தவர் மாதிரி அவனைப் பார்த்தது. பேனாவை எடுத்தான். இந்தத் தாளில் எழுதினால் தான் காப்பியடிக்கவில்லை என்று ஆகிவிடும். அப்புறம் என்ன? முதல் பெஞ்ச். கழுத்துக்குப் பின்னால் தண்ணீர். எழுதாவிட்டால் சைக்கிள் ஸ்டாண்ட். யாராவது ஒருவர் அப்போது, நீ யார் என்று கேட்டிருந்தால் அவனுக்குப் பதில் தெரிந்திருக்காது. ஆனால் எங்கே போக வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

கிராஃப் போட்டான். ஜாமெட்ரி போட்டான். ஒரு மார்க் எழுதினான். எழுந்தான்.

"அவ்ளோதானா?" என்றார் மிஸ்.

"அவ்ளோதான் மிஸ்."

மிஸ் தாளை வாங்கிக்கொண்டு அவனையே பார்த்தார். ஏதோ கேட்க வந்தார். அதற்குள் ரகுநாதன் சார் எட்டிப் பார்த்து, "நான் அப்பவே நெனச்சேன்" என்று பெருமூச்சு விட்டார். நிம்மதியும் ஏமாற்றமும் கலந்த பெருமூச்சு. மிஸ்ஸுக்கு அடுத்த வகுப்பு இருந்தது.

அம்மாவை வரச் சொன்னார்கள். பானுப்பிரியா அதே அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். லைன் சூப்பர்வைசரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு, தலையில் பஞ்சுத் தூசியோடு ஓடி வந்தாள். ரகுநாதன் சார் அவளைத் திட்டவில்லை. "பையன் பாஸ் பண்ணிடுவாம்மா. அது போதும். குறுக்கு வழியெல்லாம் வேணாம்னு மட்டும் சொல்லி வைங்க" என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து கேட் அருகே நின்று கேட்டாள்.

"பாத்து எழுதுனியா நைனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ரூமில் ஏன் எழுதவில்லை என்று சொல்ல வேண்டிவரும். அதை எந்தச் சொல்லில் சொல்வது?

"ஆமாம்மா" என்றான்.

அவள் அவனை அடிக்கவில்லை. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, வேன் பிடிக்க ஓடினாள்.

மறுநாள் அவனை மொட்டு குரூப்புக்கே திருப்பி அனுப்பினார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் அஸ்வின் கையை விரித்துக்கொண்டு வந்தான். "கிச்சு! கேடி கிச்சு! எவன பாத்துடா எழுதுன? நம்ம பையன் எழுபத்தெட்டு மார்க்குக்கு காப்பி அடிச்சிக்கிறான்டா! கெத்து!" தோளில் கை விழுந்தது. அன்று சாயங்காலம் எல்லோருமாகப் போய் பரோட்டா தின்றார்கள். சால்னா ஊற்றி ஊற்றித் தின்றான் கிஷோர். ஒவ்வொரு வாய்க்கும் காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தான்.

அன்றே முடிவு பண்ணிக்கொண்டான். பொதுத்தேர்வில் பாஸ். அவ்வளவுதான். எல்லோரும் அம்பத்தூர் ஐடிஐயில் ஃபிட்டர் எடுப்பதாகப் பேசி வைத்திருந்தார்கள். அவனும் எடுப்பான். தடிப் புத்தகத்தை முன்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டான். சில ஞாயிறுகள் அதைத் தொடவே இல்லை. எடுத்துவிட்ட ஞாயிறுகளில் அப்பா டீக்கடையிலிருந்து திரும்புகிறாரா என்று பார்த்துக்கொண்டே, பீடி குடிக்கிறவன் மாதிரி ஒளிந்து கணக்குப் போட்டான்.

கணக்குப் பொதுத்தேர்வு அன்று வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. தேர்வறையில் அகர வரிசைப்படி இடம். அஸ்வின் முன் வரிசை. கிஷோர் அவனுக்குப் பக்கவாட்டில், நாலைந்து பெஞ்ச் தள்ளிப் பின்னால். அஸ்வினின் முதுகும், சட்டைக் காலருக்கு மேலே ஒட்ட வெட்டிய முடியும் தெரிந்தன. உள்ளே போகும் முன் அஸ்வின் திரும்பிக் கட்டை விரலைக் காட்டினான்.

கேள்வித்தாள் வந்தது.

மொட்டுப் பையன் முதலில் கிராஃப் போடுவான். அதுதான் விதி. ஆனால் கிஷோர் தாளைப் பிரித்ததும் கண் போய் நின்றது கோபுரத்தின் மேல். இரண்டு கப்பல்கள், ஒரு கலங்கரை விளக்கம், உச்சியிலிருந்து பார்க்கிற இரண்டு இறக்கக் கோணங்கள். ஒன்றே ஒன்று என்று நினைத்தான். இது கடைசி. இதற்குப் பிறகு வாழ்க்கையில் யாரும் அவனிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கப் போவதில்லை. ஃபிட்டருக்கு எதற்குக் கலங்கரை விளக்கம்? ஒன்றே ஒன்று எழுதி விடைபெற்றுக்கொள்வோம்.

கை ஓடியது. ஓடுகிற கையை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று இரண்டானது. பக்கங்கள் புரண்டன. இரண்டு மார்க் கேள்விகளைப் போகிற போக்கில் நடுநடுவே செருகினான். ஒரு மார்க் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கூடுதல் தாளுக்குக் கையைத் தூக்கியபோது மேற்பார்வை ஆசிரியர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை. வெயில் தெரியவில்லை. வண்டி முன்சீட்டில் இருப்பவன் முழுசாக இறங்கி வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

பிறகு நிமிர்ந்தான்.

அஸ்வின் கேள்வித்தாளை முகத்துக்கு மிக அருகே பிடித்திருந்தான். தலை மெல்ல ஆடியது. தாளைக் கீழே வைத்தான், திரும்ப எடுத்தான். பின்கழுத்தில் வியர்வை வழிந்தது. முழங்கையால் முகத்தைத் துடைத்தான். அழுகிறானா என்று கிஷோருக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும்தானே தெரிகிறது.

கிஷோர் தன் தாளைப் பார்த்தான். எண்பதுக்குப் பக்கத்தில் வரும் என்று அவனுக்குத் தெரிந்தது. எண்பது வந்தால் எல்லாம் தெரிந்துவிடும். காப்பி என்று சொன்னது பொய். ஆசிரியர் அறையில் எழுதாதது பொய். இத்தனை நாளும் தாளைத் தாளோடு ஒட்டிப் பார்த்துச் சிரித்தது பொய். எங்களோட உக்காந்துகினு நடிச்சியா என்று அஸ்வின் கேட்பான். இல்லாவிட்டால் மறுபடியும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போடுவார்கள். மறுபடியும் அம்மா பஞ்சுத் தூசியோடு ஓடி வருவாள். மொட்டு இல்லை என்றால் அவன் யார்? ஏ பிரிவு அவனை எடுத்துக்கொள்ளவில்லை. இங்கேயும் இல்லை என்று ஆகிவிட்டால் உட்காருவதற்கு உலகத்தில் ஒரு பெஞ்ச் கிடையாது.

பேனாவை அழுத்திப் பிடித்தான். கலங்கரை விளக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டான். மூலையிலிருந்து மூலைக்கு. அடுத்த பக்கம். அடுத்த பக்கம். தாள் கிழிகிற சத்தம் மாதிரி அவனுக்கு மட்டும் கேட்டது. வாளி, கூம்பு, சமன்பாடுகள், எல்லாவற்றின் மேலும் ஒரே சாய்வான கோடு. ஒரு மார்க் பக்கத்தை மட்டும் விட்டுவைத்தான்.

"கடைசிப் பத்து நிமிஷம்" என்றார் மேற்பார்வை ஆசிரியர்.

அப்போதுதான் நினைவு வந்தது. கிராஃப் போடவில்லை. ஜாமெட்ரி போடவில்லை. முதலில் போடவேண்டியதைக் கடைசிக்கு வைத்திருக்கிறான். மொட்டுப் பையன் எந்தக் காலத்திலும் செய்யாத தப்பு அது. கவராயத்தை எடுத்தான். வட்டம் வரைந்தான், தொடுகோடு ஒன்றை இழுத்தான், இன்னொன்றை இழுப்பதற்குள் பென்சில் முனை உடைந்தது. கிராஃபில் அச்சுகளைப் போட்டுப் புள்ளிகளை வைத்தான். வளைவை இணைப்பதற்குள் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடித்த பக்கங்களின் நடுவே செருகியிருந்த இரண்டு மார்க் விடைகளும் அந்தக் கோட்டுக்கு அடியில் போய்விட்டிருந்தன என்பது வெளியே வெயிலில் வந்து நின்ற பிறகுதான் உறைத்தது.

"எப்டி மாமே?" என்று அஸ்வின் ஓடி வந்தான். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"எப்பவும் போலத்தான்" என்றான் கிஷோர்.

மே மாதத்தில் முடிவு வந்தது. காலையில் அப்பாவின் போனுக்குத்தான் குறுஞ்செய்தி. அப்பா அதைப் படித்துவிட்டு, போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டு லோடுக்குக் கிளம்பிப் போனார். மற்ற பாடங்கள் எல்லாம் நாற்பதைச் சுற்றி. கணக்கு முப்பத்திரண்டு. அதற்கு நேரே தேர்ச்சி இல்லை என்று இருந்தது.

மத்தியானம் அஸ்வின் வந்து கீழேயிருந்து கூப்பிட்டான். இருவரும் ஏரிக்கரை நடைபாதையில் போய் உட்கார்ந்தார்கள். அஸ்வின் புதுச் சட்டை போட்டிருந்தான். சட்டைப் பையில் மிட்டாய் பிதுங்கியது. அதை எடுக்கலாமா வேண்டாமா என்று கை போய்ப் போய்த் திரும்பியது.

"முப்பத்தேழு கிச்சு. கணக்குல. நம்பவே முடில. எங்கக்கா அழுதுடுச்சு." பிறகு, "உனுக்கு எப்பிடிடா போச்சு? கிராஃப் போட்டல்ல?" என்றான்.

கிஷோர் ஏரியைப் பார்த்தான்.

"வுடு மாமே. துணைத் தேர்வு கீது. நான் சொல்லித் தரேன். கிராஃபு ஒரு மேட்டரே இல்ல. மொதல்ல அச்சு, அப்பால புள்ளி..."

"நான் எல்லாம் எழுதுனேன்டா."

"இன்னா?"

"எல்லாக் கணக்கும் எழுதுனேன். அப்புறம் அடிச்சிட்டேன். கோடு போட்டு."

அஸ்வின் சிரித்தான். "ஃபெயிலான எல்லாரும் இதான் சொல்லிகினு கீறாங்க. பேப்பர மாத்திட்டாங்க, கோடு போட்டுட்டேன்..."

"எழுபத்தெட்டும் நான்தான் எழுதுனேன். பாத்து எழுதல. எனக்குக் கணக்கு வரும் அஸ்வின். ரொம்ப நாளாவே வரும்."

சிரிப்பு நின்றது. அஸ்வின் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தான். எழுத்துக் கூட்ட வராத அவன் முகங்களைப் படிப்பதில் தப்பியதில்லை.

"ஏன் அடிச்ச?"

"உங்களோட... உன்னோட ஒண்ணா இருக்கணும்னு. எனக்கு வரும்னு தெரிஞ்சா நீங்க என்ன..."

"நாங்க கேட்டமா?"

கிஷோர் நடைபாதைக் கல்லை நகத்தால் சுரண்டினான்.

"அன்னிக்கு சைக்கிள் ஸ்டாண்ட்ல ஓட்டுனதுக்கு சொல்றியா? ஓட்டுனோம். ஓட்டிட்டு நாலு நாள்ல நாங்களே கூப்ட்டுருப்போம். அதுக்குள்ள நீயே காப்பின்னு வந்து ஒக்காந்துகின." அஸ்வின் எழுந்து நின்றான். குரல் உடைந்தது. "எனுக்குப் படிக்க வராது, தெரியுமில்ல ஒனுக்கு? எல்லாத்தையும் எங்க சிம்ரன் அக்கா வேலைக்குப் போயிட்டு வந்து போன்ல பேசிப் பேசி ரெக்கார்டு பண்ணி வெக்கும். அத காதுல மாட்டிகினு தூங்காம கேட்டேன்டா. கேட்டுக் கேட்டு வாங்குன முப்பத்தேழு. ஒவ்வொரு மார்க்கும் நான் வாங்குனது. நீ இன்னாடான்னா கைல கீறத தூக்கிப் போட்டு எங்க மார்க்குக்கு எறங்கி வரியா? எங்கள இன்னா நெனச்ச? பிச்சையா போட்ட?"

"இல்லடா. சத்தியமா இல்ல."

"எனுக்கு வர்ற மார்க்கு ஒனுக்கு வேஷமாடா?"

அவன் போனான். நடைபாதையில் குடும்பங்கள் வரத் தொடங்கியிருந்தன. கிஷோர் பின்னாலேயே ஓடி, "அஸ்வினு, அஸ்வினு" என்று கூப்பிட்டான். அவன் திரும்பவில்லை. கேட்டைத் தாண்டி மெயின்ரோட்டில் ஏறியபோது சட்டைப் பையிலிருந்து மிட்டாய் ஒன்று விழுந்ததை அவன் கவனிக்கவும் இல்லை.

அதைப் பிச்சை என்று கிஷோர் ஒருநாளும் நினைத்ததில்லை. நட்பு என்றுதான் நினைத்தான். அந்தக் கோட்டை ஒவ்வொரு பக்கத்திலும் இழுத்தபோது, தன்னை அடிப்பதாகத்தான் நினைத்தானே தவிர, அவர்களையும் சேர்த்து அடிப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

பொழுது சாய்ந்து கம்பெனி வேன் தெருமுனையில் நின்றது. பானுப்பிரியா சாப்பாட்டுப் பையோடு மாடி ஏறினாள். லைனில் கூட வேலை செய்கிறவர்கள் சொல்லித் தேற்றி அனுப்பியிருக்க வேண்டும். அழுது முடித்த முகமாக இருந்தது. மகன் விளக்குப் போடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"போவுது நைனா. உயிரா போச்சு? திரும்ப எழுதிக்கலாம். இல்லாட்டி எங்க கம்பெனிலயே கட்டிங்ல ஆள் எடுக்கறாங்களாம், சூப்பர்வைசராண்ட சொல்லி வெச்சிக்கிறேன். வராதத வா வான்னா எங்கேர்ந்து வரும்?"

"எனக்கு வரும்மா."

"சரி."

"நிஜமா வரும்மா. அன்னிக்கு நான் பாத்து எழுதல. ஆமான்னு பொய் சொன்னேன். இப்பவும் எல்லாம் எழுதிட்டு நானே அடிச்சிட்டேன்."

அவள் இருட்டில் அவன் முகத்தைத் தேடினாள். பக்கத்துத் தெருவில் போன வாரம்தான் தேர்வு முடிவுக்குப் பயந்து ஒரு பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போய், திருநின்றவூர் ஸ்டேஷனில் கண்டுபிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். அவளுக்கு அந்தப் பயம்தான் முன்னால் வந்து நின்றது. ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்களால் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

"வரும்மா" என்றான் அவன் மறுபடியும், கெஞ்சுகிற மாதிரி. "சத்தியமா எனக்கு வரும்."

"வரும் சாமி, வரும்" என்றாள் அவள், காய்ச்சலில் பிதற்றுகிற பிள்ளைக்குச் சொல்வது போல. "இப்ப எழுந்து ரெண்டு வாய் சாப்புடு."